பதினான்கு எண்ணெய்த் துணிகள்

இந்த மேசைக்கு வார்னிஷ் அடித்தவர் அவசரப்பட்டிருக்கிறார். முதல் பூச்சு காய்வதற்குள் இரண்டாவதை ஏற்றிவிட்டார். அதனால்தான் உங்கள் முழங்கை படும் இடத்தில் பாலாடை மாதிரி சுருங்கிக் கிடக்கிறது. அவரைக் குறை சொல்லவில்லை. பக்கத்தில் சொல்லிக் கொடுக்க ஆள் இருந்திருக்காது.

இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். எழுத வேண்டிய இடம் வரும்போது நானே சொல்கிறேன். உங்களுக்கு ஆட்சேபணை இல்லையென்றால் நின்றுகொண்டே பேசுகிறேன். உட்கார்ந்தால் கால் ஆடுகிறது. இரண்டு வருஷமாக இப்படித்தான். டாக்டர் தைராய்டு பார்த்தார், சர்க்கரை பார்த்தார், ஒன்றும் இல்லை என்றார்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். ஒரு பரப்பில் கீறல் இருக்கிறதா இல்லையா என்று வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. மரவேலை எனக்குப் பொழுதுபோக்கு. அதிலும் அறுப்பது, துளைப்பது, பொருத்துவதெல்லாம் இரண்டாம்பட்சம். மேலே பூசி முடிக்கிற வேலையில்தான் எனக்கு ருசி. நாலு பலகையைச் சேர்த்து யார் வேண்டுமானாலும் ஒரு பெட்டி செய்துவிடலாம். அதன்மேல் கை வைத்தவன் கையை எடுக்க மனம் வராமல் நிற்க வேண்டும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட ஆரம்பித்தோம். பேருந்து ஓட்டுகிற டிரைவர், பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிற டீச்சர், இன்னும் மூன்று நாலு பேர். யாரும் தச்சர் இல்லை. யாருக்கும் இது தொழில் இல்லை. வாரம் முழுக்க வேறு எதையோ செய்துவிட்டு, ஞாயிறு காலை மரத்தூளில் மூச்சு விட வருகிறவர்கள். தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது என்பதுதான் ஏற்பாடு. நடைமுறையில் நான் சொல்வேன், அவர்கள் கேட்பார்கள். உப்புத்தாளை எந்த நம்பரில் ஆரம்பித்து எந்த நம்பரில் நிறுத்துவது, தேய்த்து முடித்ததும் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, எழுந்து நிற்கும் மர இழைகளை மறுபடி தேய்ப்பது ஏன், ஆளிவிதை எண்ணெயை எப்படி ஊட்டுவது, எல்லாம் நான் சொன்னதுதான். எண்ணெய் என்றால் ஒன்பது பூச்சு. அது என் கணக்கு. டிரைவர் சொல்வார், "கண்ணாடிக்காரர் பூசின மேசையில ஈ உக்காந்தா வழுக்கி விழுந்து காலை ஒடிச்சுக்கும்." எல்லாரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது, ஆனால் கேட்கப் பிடிக்கும்.

மைத்துனன், அதாவது என் மனைவியின் தம்பி, மூன்று வருஷத்துக்கு முன் பக்கத்துத் தெருவுக்குக் குடிவந்தான். லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. அவன் மனைவி நர்ஸ். முறைப்படி எனக்குத் தங்கை. என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். குழந்தைகள் இல்லை.

"அவனுக்கு இந்த ஊர்ல யாரையும் தெரியாது. ஞாயித்துக்கிழமை உங்ககூட கூட்டிட்டுப் போங்களேன்" என்றாள் என் மனைவி. கூட்டிக்கொண்டு போனேன். இதை எழுதிக்கொள்ளலாம். அவனை அழைத்து வந்தவன் நான்தான்.

முதல் தடவை ஒரு தட்டு செய்தான். தேநீர் கோப்பை வைக்கிற சின்னத் தட்டு. எண்ணெயைப் பூசிவிட்டு மிச்சத்தைத் துடைக்காமல் விட்டுவிட்டான். பத்து நாளாகியும் பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. வேறு யாராவது என்றால் அதைக் குப்பையில் போட்டிருப்பார்கள். இவன் அதைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து நடுவில் வைத்தான்.

"நாசம் பண்ணிட்டேன். எங்க தப்பு பண்ணேன்னு கொஞ்சம் பாருங்க. அடுத்தவங்களாவது பண்ணாம இருக்கட்டும்."

டீச்சர் தொட்டுப் பார்த்துவிட்டு, தன் வீட்டிலும் இப்படி ஒன்று கட்டிலுக்கடியில் ஒளிந்திருப்பதாகச் சொன்னார். டிரைவர் தன்னிடம் மூன்று இருப்பதாகச் சொன்னார். அடுத்த ஞாயிறு ஒவ்வொருவரும் ஒளித்து வைத்திருந்ததை எடுத்து வந்தார்கள். கொட்டகையில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்குமுன் கேட்டதில்லை. நான் எதையும் கொண்டுபோகவில்லை. என்னிடம் அப்படி எதுவும் இருந்ததாக அவர்களுக்குத் தெரியாது.

அப்புறம் அவன் சோதனைப் பலகைகளை ஆரம்பித்தான். ஒரு முழ நீளத்துக்கு மரத்துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒருவிதமாகப் பூசி, பின்னால் என்ன எண்ணெய், எத்தனை பூச்சு, எத்தனை மணி நேரம் காய்ந்தது என்று எழுதுவான். பிழையாகப் போனதையும் எழுதி மாட்டுவான். டீச்சருக்கு அது ரொம்பப் பிடித்தது. எல்லாரும் செய்ய ஆரம்பித்தார்கள். கொட்டகைச் சுவர் முழுக்கப் பலகை. கேள்வி வந்தால் என் முகத்தைப் பார்ப்பதை விட்டுச் சுவரைப் பார்த்தார்கள்.

ஒரு ஞாயிறு இரண்டு பலகைகளைக் கொண்டுவந்தான்.

"அத்தான், ஒண்ணு மூணு பூச்சு, ஒண்ணு ஒம்பது. ஒரு மாசமா ரெண்டு மேலயும் தண்ணி டம்ளர் வச்சுப் பாத்துட்டேன். எனக்கு வித்தியாசம் தெரியல. என் கண்ணை நம்ப முடியாது. நீங்க பாத்துச் சொல்லுங்க."

அவன் கிண்டல் செய்யவில்லை. அதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அவனுக்குக் கிண்டல் செய்யத் தெரியாது. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

நான் இரண்டையும் சன்னலுக்கு எதிரே சாய்த்துப் பார்த்தேன், கடையில் கண்ணாடி வில்லையைப் பார்க்கிற மாதிரி. இடது கையில் இருப்பதுதான் ஒன்பது என்றேன். அதில் ஆழம் தெரிகிறது, மற்றதில் இல்லை என்றும் சொன்னேன். இந்த ஆழம் என்கிற வார்த்தையை நான் அடிக்கடி சொல்வேன்.

டிரைவர் பலகையை வாங்கித் திருப்பினார். மூன்று என்று எழுதியிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அன்றோடு போயிருக்கும் என்று இன்றுவரை நினைக்கிறேன். மைத்துனன் சட்டென்று பலகையைப் பிடுங்கி, "அட, நான்தான் பின்னாடி மாத்தி எழுதித் தொலைச்சிருக்கேன். தூக்கத்துல எழுதினது" என்றான். காது மடல் சிவந்துவிட்டது அவனுக்கு. அவன் மாற்றி எழுதவில்லை. லிஃப்ட்டின் இரும்புக் கயிற்றில் எத்தனை இழை என்று எண்ணிப் பார்க்கிறவன் மூன்றையும் ஒன்பதையும் மாற்றி எழுத மாட்டான். அது எனக்குத் தெரியும். அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். எனக்காக ஒருவன் பொய் சொன்னதை ஐந்து பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டிரைவர் தேநீர் வாங்கப் போனார். கேட்காமலேயே எனக்குச் சர்க்கரை குறைவாக வாங்கி வந்தார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போதுதான் கால் ஆட ஆரம்பித்தது. "என்னங்க, மேசையே ஆடுது" என்றாள் என் மனைவி.

அதன்பிறகு எனக்கு ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. கடையில் துடைத்த வில்லையையே துடைப்பேன். வாசலுக்கு வருவேன், உள்ளே போவேன். எங்கள் குழுவுக்கு ஃபோனில் ஒரு குரூப் உண்டு. முன்பெல்லாம் யாராவது சந்தேகம் கேட்டால் 'கண்ணாடிக்காரரே' என்று ஆரம்பிப்பார்கள். இப்போது பொதுவாகக் கேட்டார்கள். மைத்துனன் பதில் போடுவான்: 'எனக்குத் தெரியல, யாராவது செஞ்சு பாத்திருக்கீங்களா?' உடனே நாலு பேர் செய்து பார்த்ததைச் சொல்வார்கள். நான் யோசித்து, சரியாக எழுதி அனுப்பும்போது ஐந்தாவதாகப் போய் நிற்கும். அதற்குக் கட்டைவிரல் படம் ஒன்று வரும். ஒருநாள் ஃபோனைப் பார்த்துக்கொண்டே ஒரு அம்மாவுக்கு வலது கண் பவரை இடது பக்கம் பொருத்திக் கொடுத்துவிட்டேன். அவர் படியில் தடுமாறியதாகத் திரும்பி வந்து சொன்னார். என் தொழிலில் அதுவரை அப்படி நடந்ததில்லை.

பிறகு இடமும் மாறியது. மைத்துனன் வீட்டின் கீழ்த்தளம் முழுக்க ஒரே கூடம். இரண்டு பக்கமும் சன்னல். மாடியில் அவர்கள் குடியிருந்தார்கள். மாடிக்கு வெளிப்பக்கமாகப் படி. "இங்க இருட்டா இருக்கு. அங்க போயிடலாமா?" என்று டீச்சர் கேட்டபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நானே சரி என்றேன். ஆளுக்கொரு சாவி கொடுத்தான். நேரம் கிடைக்கும்போது யார் வேண்டுமானாலும் வந்து வேலை செய்யலாம் என்றான். பூட்டி வைத்தால் மரவேலைக் கருவி துருப்பிடிக்கும், பேச்சும் துருப்பிடிக்கும் என்றான். அதற்கும் சிரித்தார்கள்.

துணி விஷயத்துக்கு வருகிறேன். எண்ணெய் பூசித் துடைத்த துணியைச் சுருட்டிப் போடக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளப்பும். விரித்துப் போட்டால் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். சுருண்டு கிடந்தால் உள்ளுக்குள்ளேயே ஏறிக்கொண்டு போகும். நெருப்புக்குச்சி வேண்டாம், பொறி வேண்டாம், தானாகப் பற்றிக்கொள்ளும். மரத்துக்குப் பூசுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

எட்டு வருஷம் இதை நான் யாருக்கும் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் எல்லாரும் போனபிறகு நானே துணிகளைப் பொறுக்கிக் கொல்லையில் கொடியில் போட்டுவிடுவேன். "நீங்க ஏன் கஷ்டப்படுறீங்க?" என்பார்கள். பரவாயில்லை என்பேன். கொட்டகை என்னுடையது, பொறுப்பும் என்னுடையது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் அப்புறம் எதற்கு வருவார்கள்?

மைத்துனன் சேர்ந்த மூன்றாவது வாரமே எண்ணெய் டப்பாவைத் திருப்பிப் பார்த்தான். "பின்னாடி பொடி எழுத்துல என்னமோ போட்டிருக்கு, யாராவது படிச்சீங்களா?" என்றான். "அதைப் படிக்க நம்ம கண்ணாடிக்காரர்கிட்ட புதுசா ஒரு கண்ணாடி போடணும்" என்றார் டிரைவர். அவன் உரக்கப் படித்தான். எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். "அத்தான், இது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டான். தெரியும் என்றேன். "நல்லவேளை" என்றான். அவ்வளவுதான். ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை.

அவன் கூடத்தில் பின்சுவருக்கு வெளியே கம்பி கட்டி, கிளிப் மாட்டி, ஒவ்வொரு துணியாக விரித்துக் காயப்போடுவான். ஒன்றின்மேல் ஒன்று படாது. லிஃப்ட்காரன் புத்தி. ஒரு தடவைகூடத் தவறியதில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு தடவைகூட.

பதினான்கு மாதத்துக்கு முன், ஒரு விடுமுறை நாள். அவன் மனைவி வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் நோயாளிகளோடு வருகிறவர்கள் காத்திருக்கும் கூடத்துக்கு நாங்கள் ஒரு நீள மேசை செய்திருந்தோம். பன்னிரண்டு பேர் உட்காரலாம். அன்று காலை ஏழு மணிக்கு எல்லாரும் கூடி முதல் எண்ணெய் பூசினோம். மொத்தம் மூன்று பூச்சு என்று முன்பே முடிவாகியிருந்தது. என்னைக் கேட்டுத்தான் முடிவு செய்தார்கள். "மூணு போதும்ல?" என்று கேட்டார் டீச்சர், ரொம்ப மென்மையாக, நோயாளியிடம் கேட்பதுபோல.

பத்தரைக்கு வேலை முடிந்தது. எல்லாரும் கிளம்பினோம். அப்போது அவனுக்கு ஃபோன் வந்தது. ஊரின் மறுகோடியில் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோய் மூன்று பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் தெருமுனைக் கடையில் தேநீர் குடித்து முடிப்பதற்குள் அவன் மோட்டார் சைக்கிளில் என்னைக் கடந்து போனான். கையை ஆட்டினான்.

நான் கடையைத் திறக்கவில்லை, விடுமுறை. வீட்டுக்குப் போனேன். மனைவி தன் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தேன். பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்தேன். அந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை. கால் போனது.

சாவி போட்டுத் திறந்தேன். சன்னல் வெளிச்சம் மேசைமேல் நீளமாகக் கிடந்தது. ஒரே ஒரு பூச்சுதான். தொட்டுப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது. அதை மறைத்துப் பேச விரும்பவில்லை. மரத்தின் ரேகை நெளிநெளியாக ஓடி, பார்க்கப் பார்க்க நகர்வதுபோல இருந்தது. நான் அதுவரை செய்ததில் எதுவும் அப்படி இல்லை.

பின்கதவைத் திறந்தேன். கம்பியில் துணிகள் தொங்கின. எண்ணினேன், பதினான்கு. இவ்வளவு அவசரத்திலும் ஒன்றுகூடக் கசங்காமல் போட்டுவிட்டுத்தான் போயிருந்தான். ஒவ்வொரு துணிக்கும் இரண்டு கிளிப்.

அவற்றை எடுத்தேன். மடித்து, சுருட்டி, பெஞ்சுக்கடியில் மரம் இழைத்த சீவலைப் போட்டு வைக்கும் அட்டைப்பெட்டிக்குள் அழுத்தி வைத்தேன். பெட்டியை வார்னிஷ் டப்பாக்கள் இருந்த பக்கமாக நகர்த்தினேன். கிளிப்புகளைக் கழற்றி அவற்றின் டப்பாவில் போட்டேன். சன்னல்களைச் சாத்தினேன். பூட்டிக்கொண்டு வந்தேன். எல்லாம் சேர்ந்து கால் மணி நேரம் ஆகியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தேன். கால் ஆடவில்லை. அன்று மதியம் நன்றாகத் தூங்கினேன்.

அந்த மேசை எரிய வேண்டும் என்றுதான் நினைத்தேன். மேசையும் சுவரில் மாட்டியிருந்த பலகைகளும். அதற்குமேல் நான் நினைக்கவில்லை என்று அப்போது வந்த உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். ஆனால் அவர்கள் என்னிடம் கேட்டது இரண்டே கேள்வி. உங்களிடம் சாவி உண்டா என்றார்கள். எல்லாரிடமும் உண்டு என்றேன். மாடியில் ஆள் இருந்தது தெரியுமா என்றார்கள். நர்ஸுக்கு அந்த மாதம் பகல் வேலை, அதனால் வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்தேன் என்றேன்.

அவள் அந்த வாரம் கூடப் பணிபுரிகிற ஒருத்திக்காக ராத்திரி வேலையை மாற்றி எடுத்திருந்தாள். காலையில் வேலை இழுத்துப்போய், பதினொன்றரைக்குத்தான் வந்து மாடியில் படுத்திருக்கிறாள்.

மூன்று மணிக்குமேல் புகை கிளம்பியது. படி, கூடத்துச் சன்னலை ஒட்டித்தான் ஏறுகிறது. கண்ணாடி வெடித்து அந்தப் பக்கமாகத்தான் தீ வந்தது. மைத்துனன் மூன்று பேரையும் இறக்கிவிட்டு, லிஃப்டைச் சரிசெய்துவிட்டு, மூன்றரைக்குத் தெருவுக்குள் வந்திருக்கிறான். படியின் இரும்புக் கதவு பழுக்கக் காய்ந்து கிடந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்து இழுத்திருக்கிறான். திறக்கும்வரை விடவில்லை என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். அவளைத் தீ தொடவில்லை. புகைதான்.

பன்னிரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் அவனைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் முறை எனக்கு வந்தது. இரண்டு கையிலும் முழங்கைவரை கட்டு. கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அத்தான். துணி பெட்டியில இருந்துச்சாம். தீயணைப்புக்காரங்க சொன்னாங்க."

"ம்."

"நான் காயப்போட்ட மாதிரிதான் இருக்கு எனக்கு. கிளிப் மாட்டினதுகூட ஞாபகம் இருக்கு. ஆனா அது போன வாரம் மாட்டினதா, அன்னிக்கு மாட்டினதான்னு..." என் பக்கம் திரும்பினான். "நீங்க கிளம்பும்போது பின்னாடி துணி தொங்குச்சா? பாத்தீங்களா?"

நான் தண்ணீர் உறிஞ்சும் குழலை அவன் வாயில் வைத்தேன். ஒரு வாய் உறிஞ்சினான்.

"பாத்த ஞாபகம் இல்ல மாப்ள" என்றேன். "அந்த அவசரத்துல மனுஷன் என்ன செய்யறான்னு அவனுக்கே தெரியாது. அதையே நினைச்சிட்டு இருக்காத."

அவன் தலையை ஆட்டினான். கண்ணீர் காதுக்குள் வழிந்தது. அவனால் துடைத்துக்கொள்ள முடியாது என்பதால் நான் துடைத்துவிட்டேன். வெளியே வந்தபோது என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை அவனுக்கு நீங்க இருக்கீங்க" என்றாள்.

சில மாதங்கள் எல்லாம் அமைதியாக இருந்தது. மறுபடி என் கொட்டகையில் கூடினோம். சுவரில் பலகைகள் கிடையாது. சந்தேகம் வந்தால் என்னைக் கேட்டார்கள். ஒன்பது பூச்சு பூசினோம். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. பேசவே இல்லை என்றுகூடச் சொல்லலாம். தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்கும். எனக்கு அது திருப்தியாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு ஞாயிறு அவன் வந்தான். விரல்கள் மடங்காது. உப்புத்தாளைக்கூடப் பிடிக்க முடியாது. "நான் வேலை செய்ய வரல. அஞ்சு நிமிஷம் பேசிட்டுப் போயிடறேன்" என்றான்.

"துணியைச் சுருட்டக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கெல்லாம் நான்தான் படிச்சுக் காட்டினேன். தெரிஞ்சேதான் சுருட்டிப் போட்டிருக்கேன். தெரிஞ்சிருந்தா மட்டும் போதாது. அவசரத்துலயும் கை தானா செய்யற அளவுக்குப் பழகணும். எனக்குப் பழகிடுச்சுன்னு நினைச்சேன், பழகல. என் பொண்டாட்டி என்னால போயிட்டா. உங்க வீட்டுல அது நடக்க வேணாம். ஒரு மூடி போட்ட தகர டப்பா, பாதி தண்ணி. வேலை முடிஞ்சதும் துணி அதுக்குள்ள போகணும். கம்பி வேணாம், கிளிப் வேணாம். யோசிக்கவே வேணாம்."

டிரைவர் வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதார். டீச்சர் அதை ஃபோனில் படம் பிடித்திருக்கிறார். அவனைக் கேட்டுவிட்டு வெளியே அனுப்பினார். ஒரு மாதத்தில் பக்கத்து ஊர்களிலிருந்து கூப்பிட ஆரம்பித்தார்கள். எங்களைப்போல எத்தனை குழுக்கள் இருக்கின்றன என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எல்லா இடத்திலும் போய்ப் பேசினான். பட்டறைகளில் அந்தத் தகர டப்பாவை 'லிஃப்ட்காரர் டப்பா' என்கிறார்கள். கடையில் போய் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரன் எடுத்துக் கொடுக்கிறான். கேட்டுப் பார்த்தேன்.

அவனால் தனியாகப் பயணம் செய்ய முடியாது. கதவுக் குமிழைத் திருப்ப முடியாது, தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியாது. என் மனைவி என்னைக் கூடப் போகச் சொன்னாள். போனேன். இதுவரை பதினேழு கூட்டம். பாட்டிலைத் திறந்து கொடுத்துவிட்டு முதல் வரிசை ஓரத்தில் உட்காருவேன். கால் ஆடும். பக்கத்தில் இருப்பவர்கள் நான் துக்கத்தில் இருக்கிறேன் என்று நினைத்து என் தோளைத் தட்டுவார்கள்.

போன ஞாயிறு ஒரு பெரிய மண்டபம். இருநூறு பேர். பேசி முடித்ததும் ஒருவர் எழுந்து, "இவ்வளவு விஷயம் உங்களுக்கு யார் கத்துக் கொடுத்தாங்க?" என்று கேட்டார். அவன் என்னைக் காட்டினான். "அத்தான்தான். உப்புத்தாள் பிடிக்கறதுலேர்ந்து எல்லாம் அவர்தான்." சிலர் கைதட்டினார்கள். அவன் அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா இந்தத் துணி விஷயம் மட்டும் யாரும் கத்துத் தரல. அதை நானே கத்துக்கிட்டேன்" என்றான். மண்டபமே எழுந்து நின்றது.

அதிலிருந்து இந்த ஐந்து நாளும் நான் படுக்கவில்லை.

அதனால்தான் வந்தேன். இனி நான் சொல்வது எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அவன் துணியைச் சுருட்டவில்லை. பதினான்கையும் விரித்துத்தான் போட்டிருந்தான். எடுத்து, மடித்து, பெட்டியில் அழுத்தியது நான். மாடியில் ஆள் இல்லை என்று நினைத்ததாகச் சொன்னதும் சரியல்ல. அவளுடைய வெள்ளை ஷூ இரண்டும் கீழ்ப்படியில் ஜோடியாக இருந்தன. உள்ளே வரும்போதே பார்த்தேன். ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டுத் தூங்குகிறாள் என்று புரிந்தது. என் செருப்புச் சத்தத்தில் விழித்துவிடக் கூடாது என்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடந்தேன். பின்கதவின் கீல் கிறீச்சிடும். அதை மெதுவாகத் தூக்கிப் பிடித்துத் திறந்தேன்.

நீங்கள் என்னை இப்படிப் பார்க்க வேண்டியதில்லை. அவன் மனபாரம் இறங்கட்டும் என்றுதான் சொல்கிறேன். பதினான்கு மாதமாக ஒரு மனிதன் தன் பெண்டாட்டியைத் தானே கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு வாழ்கிறான். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க நான் கல் இல்லை. என் மனைவிக்கும் நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு அவளிடம் கோவையாகச் சொல்ல வராது.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? எல்லாப் பக்கத்திலுமா, கடைசியில் மட்டுமா? சரி.

ஒரே ஒரு வேண்டுகோள். நாளை மறுநாள் ஞாயிறு. இன்னொரு ஊரில் அவனுக்குக் கூட்டம் ஏற்பாடாகியிருக்கிறது, முந்நூறு பேர் வருகிறார்களாம். அதற்குள் நீங்கள் இதை வெளியில் சொல்லிவிட வேண்டும். செய்யாத தப்பை ஒருவன் செய்ததாகச் சொல்லிப் பாடம் நடத்துவது முறையில்லை. அவ்வளவு பேர் அவ்வளவு தூரம் வந்து, தப்பான ஆளிடம் கற்றுக்கொண்டு போகக் கூடாது.